அழுகாத இலை

பிரபு,

உன் கல்யாண வரவேற்பில் உன் சார் மைக்கை வாங்கி நான்கு நிமிடம் பேசினார். எல்லோருக்கும் அது மறந்திருக்கும். எனக்கு இந்த மூன்று மாதமாக அதுதான் காதில் இருக்கிறது. “இன்னைக்கு இவ்வளவு கவனமா வேலை செய்யற பிரபு, எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு பையை வெயில்ல காய விட்டுட்டு, ‘இந்த இடத்துல பூஞ்சையே இல்ல சார்’னு என் முன்னாடி வந்து நின்னான். நல்லா திட்டினேன். அதுக்கப்புறம் எதையும் மூணு தடவை பார்க்காம எழுத மாட்டான்” என்றார். மண்டபமே சிரித்தது. ரேவதி உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நான் மேடைக்குப் பக்கத்தில் தாம்பூலப் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையை நீ காய விடவில்லை. எனக்கு அது எட்டு வருடமாகத் தெரியும். அன்றைக்கும் வாயைத் திறக்காமல் அடுத்த தாம்பூலப் பையை எடுத்து நீட்டினேன்.

இதை உனக்கு மட்டும் எழுதினால், படித்துவிட்டு “பரவால்ல விடும்மா” என்று மடித்து உள்ளே வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். சார் சொன்னதை முந்நூறு பேர் கேட்டார்கள். அதனால் இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அங்கங்கே சொல்லியிருப்பேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக.

நான் ஒரகடத்தில் வண்டி உதிரி பாகங்களுக்கு முலாம் பூசும் ஒரு கம்பெனியில், கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் லேப் உதவியாளர். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய மார்க்கைக் காட்டி உள்ளே போனவள். முலாம் பூசிய பாகங்களைக் கழுவும் தண்ணீர் அமிலமாக இருக்கும், துத்தநாகமும் அதில் கரைந்திருக்கும். அதில் சுண்ணாம்புக் கரைசலைச் சேர்த்து, உலோகத்தைக் கசடாக அடியில் தங்கவைத்து, தெளிந்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவார்கள். மிஞ்சியது மழைநீர்க் கால்வாயில் இறங்கும். அப்படி வெளியே போகும் தண்ணீரைத் தினமும் இரண்டு முறை பிடித்து, அமிலமா இல்லையா என்று மீட்டரில் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் என் வேலை. அந்தக் கால்வாய் பிள்ளைப்பாக்கம் பக்கம் போய் ஒரு சின்ன ஏரியில் சேர்கிறது. நீ பூஞ்சை தேடக் குறித்த ஆறு இடங்களில் கடைசி, அந்தக் கால்வாய் ஏரியில் சேரும் வாய்.

நீ பூஞ்சை படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. “ரொட்டியில வர்றதா? அதுக்கு இன்னாத்துக்குடா காலேஜு?” என்று அப்பா கேட்டார். நீ உட்கார்ந்து சொன்னாய். ஏரியில் விழும் இலை, குச்சி எல்லாம் எங்கே போகிறது? மீன் நேராக அதைத் தின்னாது. தண்ணீருக்குள் இருக்கும் பூஞ்சைகள்தான் முதலில் அதில் இறங்கி மென்மையாக்குகின்றன, அதற்குப் பிறகுதான் புழுவும் பூச்சியும் அதைத் தொடும், அதற்குப் பிறகுதான் மீன். நம் பக்கத்து ஏரிகளில் என்னென்ன பூஞ்சை இருக்கிறது என்று யாரும் சரியாகப் பட்டியல் போட்டதில்லை என்றாய். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கம்பெனி சுவர் என்று இருக்கும் நம் ஊரில் அதைச் செய்யப் போகிறேன் என்றாய். வல்லக்கோட்டைப் பக்கத்து ஏரியில் தொடங்கி ஆறு இடம் குறித்தாய். கம்பெனி பஸ் ஓட்டும் அப்பா டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும், அவருடைய டூவீலரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

அந்த வருடம் நம் வீடு எப்படி இருந்தது என்று ரேவதிக்கு நீ சொல்லியிருக்க மாட்டாய். ஊறிய கருவேலங்குச்சிகள் பாத்ரூம் வாளியில் கிடக்கும். எள்ளை வேகவைத்துப் பாதியாக நறுக்கி ஏரித்தண்ணீரில் மிதக்கவிடுவாய். மூன்றாம் நாள் அதைச் சுற்றிப் பஞ்சு கட்டினாற்போல் வளர்ந்திருக்கும். சில வகைக்கு முடி வேண்டும் என்று என் சீப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போனாய். சில வகைக்குப் பாம்புச் சட்டை வேண்டும் என்று, புதிதாகக் கட்டிடம் எழும்பும் இடத்தில் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்து வாங்கினாய். கொசுவலையை வாங்கிக் கொடுத்து, உள்ளங்கை அகலத்தில் பைகள் தைக்கச் சொன்னாய். நான்தான் தைத்தேன். ஒவ்வொன்றிலும் எண்ணிப் பத்துப் புங்க இலை போட்டு, வாயைத் தைத்து, ஆறு இடத்திலும் தண்ணீருக்குள் முளையடித்துக் கட்டினாய். முப்பது நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த இலையில் யார் யார் குடியேறியிருக்கிறார்கள் என்று தெரியும் என்றாய்.

மாடியில் நீ ஏரித்தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்திருந்த டப்பா மூடிகளை ஒருநாள் நான் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நாற்றம் தாங்காமல் செய்தேன். இரண்டாவது ஏரியின் ஒரு வார வேலை அதில் போயிற்று. நீ சத்தம் போடவில்லை. நோட்டை எடுத்து எழுதினாய். எட்டிப் பார்த்தேன். ‘ஏரி இரண்டு, மாதிரிகள் இல்லை. அம்மா கொட்டிவிட்டார்’ என்று எழுதியிருந்தாய்.

“இதையெல்லாம் கூடவா எழுதுவ? உங்க சார் பார்த்தா என்னைப் பத்தி இன்னா நினைப்பாரு?”

“நடந்தது அதானம்மா. காலியா வுட்டா ஏன் காலின்னு கேப்பாரு. நானா ஒண்ணு போட்டா அது பொய்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உன்னிடம் சரியாகப் பேசவில்லை.

நீ பைகளைக் கட்டிய வாரத்திலேயே எங்கள் லேபில் மீட்டர் கெட்டுப்போனது. தண்ணீரில் விடும் கண்ணாடிக் குச்சி செத்துவிட்டது. எந்தத் தண்ணீரில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், உன்னைவிட மூன்று நான்கு வயது பெரியவன், லைனுக்கும் எங்கள் இடத்துக்குமாக ஓடிக்கொண்டிருப்பவன். “ஆர்டர் போட்ருக்கு மேடம். வர்ற வரைக்கும் பேப்பர் வச்சுப் பார்த்து எழுதுங்க” என்றான். பேப்பர் என்றால், தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டை. டப்பா என் மேஜை டிராயரிலேயே இருந்தது. நான் பேப்பரை எடுக்கவில்லை. வருடக்கணக்காக அந்தத் தண்ணீரில் ஏழுக்குப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் என்ன எழுதியிருந்தேனோ அதையே எழுதினேன். ஒருநாள் ஏழு புள்ளி இரண்டு, ஒருநாள் ஏழு புள்ளி மூன்று. மாறி மாறி எழுதினால் அளந்ததுபோல் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வாரமோ என்னவோ கழித்து, சும்மா ஒரு பட்டையைக் கிழித்து நனைத்துப் பார்த்தேன். பச்சை வர வேண்டும். ஆரஞ்சு வந்தது. பழைய பட்டையாக இருக்கும் என்று குடிதண்ணீரில் இன்னொன்றை நனைத்தேன். அது பச்சை. மறுபடி வெளியே போகிற தண்ணீரில் நனைத்தேன். ஆரஞ்சு. சுண்ணாம்பு சரியாக இறங்கவில்லை, அமிலத் தண்ணீர் அப்படியே கால்வாய்க்குப் போகிறது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியும். துத்தநாகமும் சேர்ந்துதான் போகும் என்பதும் தெரியும். இப்போது சொன்னால், இத்தனை நாள் எழுதிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பார்கள். அப்போது நான் கான்ட்ராக்டில் இருந்தேன். எங்கள் செட்டில் எட்டுப் பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஏழு புள்ளி இரண்டு என்று எழுதினேன். முதல் வாரம் எழுதியதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எழுதியதற்கு அந்தப் பெயர் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி லேபிலிருந்து வந்து தண்ணீர் எடுத்துப்போவார்கள். அந்த நாட்களில் அவர்கள் முறையும் வரவில்லை.

கால்வாயில் மீன் செத்து மிதந்திருந்தால் ஊர் கூடியிருக்கும். அந்த இடத்தில் மீன் அதிகம் கிடையாது. முழங்கால் தண்ணீர், கோரைப்புல், யாரும் இறங்காத இடம். அங்கே இறங்கிப் பார்த்தது நீ ஒருத்தன்தான்.

முப்பதாம் நாள் நீ ஆறு பைகளையும் எடுத்துவந்து சமையலறை மேடையில் தட்டு தட்டாக வைத்தாய். எனக்கு அன்று லீவு. ஐந்து பைகளில் இலை கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. சிலதில் நரம்பு மட்டும் வலைபோல் நின்றது. ஆறாவது பையைப் பிரித்தாய். பத்து இலையும் முழுசாக இருந்தது. நிறம்தான் கொஞ்சம் மங்கியிருந்தது. ஒன்றை எடுத்து மடக்கினாய், தோல் மாதிரி மடங்கியது. “அழுகவே இல்லயேம்மா” என்றாய். அழுகாமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறவள் நான். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு தப்பான சேதி என்று புரிந்தது. காலேஜுக்குக் கொண்டுபோய், இலைகளைக் கழுவி, மீன் தொட்டிக் காற்றுக்குழாயை விட்டு இரண்டு நாள் வைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் எண்ணினாய். மற்ற இடங்களில் நான்கு கை விரித்தது, வளைந்தது, நூல் போன்றது என்று வகைவகையாக வித்துகள். ஆறாவதில் ஒரே ஒரு வகை, அதுவும் அங்கொன்று இங்கொன்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் நேராகவே கேட்டாய்.

“அம்மா, அந்தக் கால்வாய்க்கு உங்க கம்பெனித் தண்ணிதான வருது? இந்த மாசம் அதுல எதுனா மாறிச்சா?”

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “இன்னா மாறும்? எப்பவும் போலத்தான் கீது” என்றேன்.

“ரீடிங் இருக்குமில்ல? நீதான எழுதற?”

“ஏழு, ஏழே காலு. அதுக்கு மேலயும் போகல, கீழயும் போகல. வேணும்னா குறிச்சிகினு வரேன்.”

நீ கேட்காததையும் நானே சேர்த்துச் சொன்னேன். மறுநாள் அந்த ஒரு மாதத்துக்கான எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தேன். நீ அதை நம்பினாய். உன் கண்ணால் பார்த்த இலையை விட்டுவிட்டு, உன் அம்மா கையால் எழுதிய எண்ணை நம்பினாய். சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “தண்ணி சரியா இருக்கு. அப்ப தப்பு உன் கையிலதான். பையைத் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி கட்டியிருப்ப, வெயில்ல காஞ்சிருக்கும்” என்றாராம். அவர்மேல் குறை இல்லை. அவர் கையில் இருந்த தாளுக்கு அதுதான் சரியான முடிவு. ஆறாவது இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, ‘மாதிரியைக் கையாண்டதில் ஏற்பட்ட பிழை’ என்று எழுதினாய். அந்த வரியை எழுத முடியாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

உன்னிடம் பொய் சொன்ன நான்காம் நாள் என்னால் முடியவில்லை. சூப்பர்வைசரிடம் போனேன். பட்டையை அவன் முன்னாலேயே நனைத்துக் காட்டினேன். அவன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டான். சுண்ணாம்பு இறங்கும் குழாயில் கெட்டியாகி அடைத்திருந்தது. குழாயைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, மறுபடி மாட்டினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. “முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மேடம்” என்றான், அவ்வளவுதான். யாரும் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் என்னை நிரந்தரமாக்கினார்கள். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். ‘இப்போது சரியாகிவிட்டதே, இனிமேல் எதற்கு’ என்று இருந்துவிட்டேன்.

நீ பிடிவாதமாக ஆறாவது இடத்தில் மறுபடி பை கட்டினாய். இந்த முறை நீருக்கடியில் செங்கல்லோடு சேர்த்துக் கட்டினாய். முப்பதாம் நாள் இலை மற்ற இடங்களைப் போலவே கறுத்துக் கரைந்து வந்தது, பூஞ்சைகளும் வந்திருந்தன. சார் சொன்னது சரி என்று முடிவாகிவிட்டது. “என் தப்புதாம்மா” என்று நீயே என்னிடம் வந்து சொன்னாய். “சரி விடு, அடுத்த தபா பார்த்துச் செய்” என்று நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கூசுகிற இடம் இதுதான்.

இதெல்லாம் பழைய கதை, பையன் படித்து டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டான் என்று என்னை நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன். போன வருடம் லீவில் வந்தபோது நீ சொன்ன ஒரு பேச்சு அதைக் கெடுத்தது. பாலாறு ஓரமாக எடுத்த கணக்கைப் பற்றி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். “ரெண்டு இடத்துல ரொம்பக் கம்மியா வந்துதுப்பா. என் கை தப்பாத்தான் இருக்கும்னு எடுத்துட்டேன்” என்றாய். சாதாரணமாகச் சொன்னாய். நான் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு இடத்தில் என்ன நடந்தது என்று இனி யாருக்குத் தெரியும்? அங்கே யாராவது என்னைப்போல் ஒருத்தி, அளக்காமல் எழுதிக்கொண்டிருந்தாளோ என்னவோ. கம்மியாக வந்தால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டிய நீ, உன் கையைச் சந்தேகப்பட்டாய். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது உன் சார் இல்லை. அப்போதும் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லோரும் சிரித்ததற்குப் பிறகுதான் சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் உன் காலேஜ் வேலைக்கு மேகாலயா கிளம்பிய வாரத்தில் உன் சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டையர் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, “அப்ப அவன் எண்ணினது சரிங்க” என்றார். பிறகு, “நான் ஒரு தடவை அந்தக் கால்வாய்க்குப் போய்ப் பார்த்திருக்கணும். தாளைப் பார்த்தே முடிவு பண்ணிட்டேன்” என்றார். காபி கொடுத்தார்கள். குடிக்காமல் வந்தால் தப்பாகிவிடும் என்று குடித்துவிட்டு வந்தேன். அவரே உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். நான்தான், முதலில் நான் எழுதுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கம்பெனியிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த ஐந்து வாரம், எந்தப் பக்கங்கள், அதில் எதுவும் அளந்தது இல்லை என்று. இப்போது இருக்கும் மேனேஜர் அந்தக் காலத்தில் இங்கே இல்லை. “எட்டு வருஷம் முன்னாடி நடந்ததை இப்ப எதுக்கு மேடம்?” என்று கேட்டார். எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். விசாரணை என்று சொல்லியிருக்கிறார்கள். முடிகிற வரைக்கும் லேபில் உட்கார வேண்டாம் என்று ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை, மாஸ்க், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. லேபிலிருந்தே வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. என்ன முடிவு வந்தாலும் அதற்கு நீ வருத்தப்பட வேண்டாம். உனக்காகச் செய்தேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பக்கங்களில் இருப்பது என் கையெழுத்து.

கல்யாணமான மகனுக்கு அம்மா நிறைய புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதி உள்ளது இரண்டோ மூன்றோதான். ரேவதியிடம் ஒரு தப்பை மறைத்தால், அது சரியான மறுநாளாவது சொல்லிவிடு. சரியாகிவிட்டதே என்று விட்டதுதான் என்னை இத்தனை வருடம் இழுத்தது. உன்னிடம் படிக்க வரும் பிள்ளைகள், வித்தியாசமாக ஒரு எண்ணைக் கொண்டுவந்து நின்றால், திட்டுவதற்கு முன்னால் அவர்களோடு அந்த இடத்துக்கு ஒருமுறை போ. பெரியவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதை, அது அம்மாவாக இருந்தாலும், நீ பார்த்ததற்கு மேலாக வைக்காதே. அப்புறம், பாலாற்றில் நீ எடுத்துவிட்ட அந்த இரண்டு இடத்துக்கும் மறுபடி போய்ப் பை கட்டு. லீவு கிடைக்காவிட்டால் சொல். பை தைத்து நானே கொண்டுபோய்க் கட்டுகிறேன். எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும். எண்ணுவதை மட்டும் நீ பார்த்துக்கொள்.

அப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். “புள்ளையாண்ட போய் இப்டி பண்ணிட்டியே” என்றார். அதற்குப் பிறகு சாப்பாடு, மாத்திரை பற்றி மட்டும் பேசுகிறார். நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே. ரேவதிக்கும் படித்துக் காட்டு. இரண்டு நாளோ பத்து நாளோ எடுத்துக்கொள். கோபம் வந்தால் கோபமாகவே பேசு, நான் போனை வைத்துவிட மாட்டேன். ஸ்டோரில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பஸ் என்னை ஆறரை மணிக்கு இறக்கிவிடும். ஏழு மணிக்கு மேல் கூப்பிடு.

அம்மா